அச்சாரம் கேட்ட கடை: விருத்தாசலத்தில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு பிலிப்பைன்ஸ் மதியச் சாப்பாடு

இந்தப் பதிவில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பெருமை தரும் இடத்தை நீட்டவும் மாட்டேன், தலைகுனிவு தரும் இடத்தைச் சுருக்கவும் மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. என் வலைப்பூவில் எது ஏறுவதாக இருந்தாலும் அதை அம்மா முதலில் படிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. நீங்கள் இதை இரண்டாவதாகப் படிக்கிறீர்கள்.

நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். ஊர் நல்லூருக்குப் பக்கம். நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி நடக்கிறது, நாளை ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கடைசி நாள். போன வருடம் சித்தப்பா எங்களை அழைத்துப் போனார். புத்தகங்களுக்கு நடுவில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். வாசலில் மிளகாய் பஜ்ஜிக் கடையில் அவருக்கு ஆனது முக்கால் மணி நேரம். அதனால் இந்த வருடம் நானும் என் வகுப்புத் தோழி ஜெசிந்தாவும் மட்டும் பஸ்ஸில் போய் வருகிறோம் என்று கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, எனக்கு ஒரு பரீட்சை வைத்தார்.

"மொதல்ல ரெண்டு பேரும் தனியா விருத்தாசலம் போயி, மதியம் சாப்ட்டு வூடு வந்து சேருங்க. அப்பறம் நெய்வேலியப் பத்திப் பேசலாம்."

நிபந்தனைகள் மூன்று. முதலாவது, போக வர, சாப்பிட எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு பேருக்கும் முந்நூறு ரூபாய்தான்; நடுவில் போன் செய்து எதுவும் கேட்கக் கூடாது. இரண்டாவது, பிஸ்கட்டைக் கடித்துவிட்டு வந்து சாப்பிட்டேன் என்று சொல்லக் கூடாது, உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். மூன்றாவதை அம்மா சமையலறை அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாரு என்னாத்த நீட்டுனாலும் தலையாட்டி வாங்கியாந்து நிக்கக் கூடாது. வாங்குற பொருளு என்னான்னு தெரிஞ்சு வாங்கணும்."

அலமாரியில் இருப்பது வெங்காயம் நறுக்கும் பெட்டி. போன மாசி மகத்துக்கு விருத்தாசலம் போனபோது நூற்றைம்பது ரூபாய் கொடுத்து நான் வாங்கியது. விற்றவர் கையில் அது வெங்காயத்தைப் பூப்பூவாக நறுக்கியது. எங்கள் வீட்டில் நசுக்குவதோடு சரி. அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. எல்லார் கண்ணிலும் படும்படி மேல் தட்டில், அட்டைப்பெட்டியோடு வைத்திருக்கிறார்.

மூன்றில் ஒன்று தவறினாலும் நெய்வேலிக்குச் சித்தப்பாவோடுதான். அதாவது பஜ்ஜியோடுதான்.

எங்கே சாப்பிடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் ஏழெட்டு மாதத்துக்கு முன் ஒரு கடை திறந்தார்கள். பலகையில் 'பிலிப்பைன்ஸ் சீன உணவகம்' என்று எழுதி, கீழே பெரிய எழுத்தில் 'சிக்கன் மாமி ரூ.90' என்று போட்டிருக்கும். எங்கள் பள்ளியில் அந்தக் கடையைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது, அங்கே போய்ச் சாப்பிட்டவர்களும் கிடையாது. பிலிப்பைன்ஸ் என்றால் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் என்று படித்திருக்கிறேன். அவ்வளவு தீவுகளின் சாப்பாடு பதினெட்டு கிலோமீட்டர் தூரத்தில் கிடைக்கும்போது பரோட்டா சாப்பிட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

இன்று காலை 10.05க்கு அரசு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் செலவு பூஜ்யம். (படிக்கும் பெண்கள் கவனிக்கவும்: தனியார் பஸ் முன்னால் வந்து நின்றாலும் ஏறாதீர்கள். ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய்.) ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கே போகிறோம் என்று கண்டக்டர் கேட்டார். சொன்னேன்.

"சிக்கன் மாமி கடையா? அந்தம்மா பேரே சிக்கன் மாமிதான். பேர் சொல்லிக் கூப்ட்டா கோவம் வருமாம், பாத்துப் பேசுங்க."

ஜெசிந்தாவும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். கோழிக்கடை வைத்திருந்த மாமி போலிருக்கிறது என்பது அவள் கணக்கு. நான் முந்தின இரவே அப்பாவின் போனில் தேடிப் படித்திருந்தேன். மாமி என்பது ஆள் இல்லை, சூப். சீனாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போனவர்கள் விற்ற நூடுல்ஸ் சூப்புக்கு அங்கே அதுதான் பெயர். இதை நான் கண்டக்டருக்கும் ஜெசிந்தாவுக்கும் முன் இருக்கையில் இருந்த இரண்டு அம்மாக்களுக்கும் விளக்கினேன். கண்டக்டர், "அப்ப இத்தினி நாளு அந்தம்மாவ சூப்புன்னா சொல்லிக்கிட்டு இருந்தோம்?" என்று கேட்டுவிட்டு விசில் கொடுத்தார். ஊரே தப்பாக நினைத்துக்கொண்டிருக்க எனக்கு மட்டும் சரியாகத் தெரியும் என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

10.58க்கு விருத்தாசலம் பஸ் நிலையம். அங்கிருந்து கடை இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். நடந்தே போகிறோம் என்றதும், "நடங்க நடங்க, போயி சேரும்போது கருவாடாத்தான் இருப்பீங்க" என்றார். நடந்தோம். ஆறு நிமிடம் நிழலில் நின்றதையும் சேர்த்து நாற்பது நிமிடம் ஆனது. கம்பெனிகள் இருக்கும் தெருவில் பலகை பலகையாகப் பியூஸ் கட்டைகளும் சின்னச் சின்னப் பொம்மைகளும் வெயிலில் காய்ந்தன. சூளைக்குப் போகாத பொம்மைகளுக்கு இன்னும் கண் வரையவில்லை. சாலை ஓரத்துச் செடிகளில்கூட வெள்ளைப் பொடி. எங்கள் செருப்பும் வெள்ளையானது.

கடை சின்னது. நான்கு மேசை, பதினாறு நாற்காலி, இரண்டு மின்விசிறி. சுவரில் சிவப்பு அங்கியும் கிரீடமும் போட்ட குழந்தை இயேசு. ஜெசிந்தா அதைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. பதினொன்றே முக்காலுக்கு எங்களைத் தவிர யாரும் இல்லை. கடைக்கார அம்மா வந்து மேசையைத் துடைத்தார். எங்கள் அத்தை வயது இருக்கும். தலைமுடியைத் தூக்கிக் கட்டி, காட்டன் நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தார். பெயர் லோர்னா என்று அவரே சொன்னார். கணவருக்கு விருத்தாசலம், கப்பலில் சமையல்காரர், வருடத்தில் எட்டு மாதம் கடலில். தாத்தா சீனாவிலிருந்து மணிலாவுக்கு வந்து நூடுல்ஸ் கடை வைத்தவர். இவ்வளவையும் அவர் நம் ஊர்த் தமிழிலேயே சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை கொஞ்சம் இடைவெளி விழுந்தது, அவ்வளவுதான்.

நான் பையிலிருந்து திட்டம் எழுதிய நோட்டை எடுத்தேன். வீட்டிலேயே எழுதி வந்தது. பான்சிட் எனப்படும் சேமியா வறுவல் எண்பது, சிக்கன் மாமி தொண்ணூறு, லும்பியா என்ற பொரித்த சுருள் நான்கு நாற்பது. அம்மாவுக்கு ஒரு சியோபாவ், அதாவது கறி வைத்து ஆவியில் வேகவைத்த வெள்ளை உருண்டை, முப்பத்தைந்து. மொத்தம் இருநூற்று நாற்பத்தைந்து. திரும்பும்போது இலவச பஸ்ஸை விட்டுவிட்டால் தனியார் பஸ்ஸுக்கு நாற்பத்து நான்கு. ஆக இருநூற்று எண்பத்தொன்பது. பதினொரு ரூபாய் மிச்சம். போன வாரம் அந்த வழியாகப் போன ஜெசிந்தாவின் அண்ணன் விலைப் பலகையைப் படம் எடுத்துக் கொடுத்திருந்தார்.

இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் லோர்னா அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார். "அச்சாரா வேணுங்களா?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அச்சாரம் கேக்குறாங்கடி" என்றாள் மெதுவாக. "சாப்ட்டு ஓடிப்போயிடுவோம்னு பயம் போல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. 'வேணும்' என்பதைத்தான் தமிழ் பழகாததால் 'வேணுங்களா' என்கிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், துணைக்கு யாரும் இல்லை, செருப்பெல்லாம் வெள்ளைப் பொடி. முன்பணம் கேட்பதில் தப்பில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் முகம் சூடானது. எங்களை என்ன நினைத்தார் என்று காட்ட வேண்டும்போல இருந்தது. பத்து இருபது கொடுத்தால் மரியாதையில்லை என்று ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினேன்.

"இந்தாங்க்கா அச்சாரம்."

அவர் தாளைப் பார்த்தார். "நூறுக்கா?"

"ஆமா. போதுமா?"

"போதும் போதும்" என்று சொல்லிவிட்டு ஏறக்குறைய ஓடினார். உள்ளே யாரிடமோ சந்தோஷமாக ஏதோ சொன்னது கேட்டது. முன்பணம் வாங்கியதற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படுவாரா என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இரண்டு நிமிடத்தில் அவர் ஒரு பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார். அரைக் கிலோ பிடிக்கும். மூடி ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கம்பெனியில் கழித்த ஜாடியாம், அதனால் ஜாடிக்குத் தனி விலை இல்லையாம். மூடியைத் திறந்தார். உள்ளே நூல் நூலாகச் சீவிய பப்பாளிக்காய், நடுநடுவே கேரட், இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய். வினிகர் வாசனை மூக்கில் ஏறியது.

"அச்சாரா" என்றார். "நானு போட்டது. நீங்கதான் மொத ஜாடி."

அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதும் நானும் ஜெசிந்தாவும் அந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமி ஆள் இல்லை, சூப் என்று பஸ்ஸுக்கே பாடம் எடுத்தவள் நான். அச்சாரா அச்சாரம் இல்லை, ஊறுகாய் என்பது எனக்குத் தெரியவில்லை. பலகையில் அது இல்லை. தொட்டுக்கொள்ளும் பொருளை யார் பலகையில் எழுதுவார்கள்?

ஜெசிந்தா சொன்னாள், "வெங்காயப் பெட்டி நம்பர் ரெண்டு."

மூன்றாவது நிபந்தனை போயே போய்விட்டது. சித்தப்பாவின் கையில் மிளகாய் பஜ்ஜி என் கண் முன்னால் வந்தது. உண்மையைச் சொல்லி ஜாடியைத் திருப்பிக் கொடு என்று ஜெசிந்தா சொன்னாள். எழுந்தும் நின்றேன். ஆனால் தண்ணீரோடு வந்த லோர்னா அக்காவின் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? முதலில் சாப்பாடு, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். தைரியத்தில் செய்த காரியம் இல்லை இது. எழுத வேண்டியதால் எழுதுகிறேன்.

கையில் இருநூறு. பஸ்ஸுக்கு நாற்பத்து நான்கைத் தொடக் கூடாது. அம்மாவின் சியோபாவுக்கு முப்பத்தைந்து, அதையும் தொடக் கூடாது. மிச்சம் நூற்று இருபத்தொன்று. வயிறு நிறைய, இரண்டு பேர். நோட்டில் பான்சிட்டை அடித்துவிட்டேன், அதற்காகத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். லும்பியாவையும் அடித்தேன். ஒரு சிக்கன் மாமி தொண்ணூறு, முட்டை இல்லாத லுகாவ் முப்பது. நூற்று இருபது. ஒரு ரூபாய் மிச்சம். ஜெசிந்தா என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, இதைக் கணக்கு டீச்சரிடம் காட்டினால் இந்த முறையாவது பாஸ் போடுவார் என்றாள்.

லுகாவ் என்பது நம் கஞ்சிதான். இஞ்சி தூக்கலாக, மேலே பொன்னிறமாக வறுத்த பூண்டு தூவி, கோழி வேகவைத்த தண்ணீரில் குழைய வேகவைத்த அரிசி. ஒரு வாய் வைத்ததுமே ஜெசிந்தா, "நோன்புக் கஞ்சிக்கு அக்கா தங்கச்சி" என்றாள். முப்பது ரூபாய்க்குக் கிண்ணம் நிறைய வந்தது. கிண்ணங்களும் கழித்தவைதான். என்னுடையது லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அதனால் கஞ்சியும் சாய்ந்திருந்தது.

மாமி அதைவிடப் பெரிய கிண்ணத்தில் வந்தது. தெளிந்த சூப், மஞ்சள் நூடுல்ஸ், மெலிதாகக் கிழித்த கோழி, கோஸ் இலை, வேகவைத்த முட்டையில் ஒரு பாதி. காரம் கிடையாது. ஆனால் சூப்பில் கோழியின் ருசி முழுதும் இறங்கியிருந்தது. நூடுல்ஸ் என்றால் சாலையோரக் கடையில் சாஸ் ஊற்றிக் கிளறுவது என்று மட்டும் நினைத்திருந்தால், இது வேறு என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம் தாராளம். நாங்கள் இரண்டு கிண்ணத்தையும் நடுவில் வைத்து மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம்.

பாதியில் ஜெசிந்தா ஜாடிக்குள் கரண்டியை விட்டாள். காசு கொடுத்தாயிற்று, தொட்டுக்கொள்ளத்தானே என்றாள். கஞ்சியின் மேல் கொஞ்சம் வைத்தாள். எனக்கும் வைத்தாள். புளிப்பு, அதன் பின்னால் இனிப்பு, கடைசியில் இஞ்சி. பப்பாளி நறுக் நறுக்கென்று கடிபட்டது. சாதுவாக இருந்த கஞ்சி அப்படியே விழித்துக்கொண்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஜாடி கால்வாசி காலியாகும் வரை கரண்டி நிற்கவில்லை.

சாப்பிட்டு முடிக்கும்போது மணி 12.40. வயிறு நிறைந்திருந்தது, இரண்டாவது நிபந்தனை பாஸ். கை கழுவிவிட்டு வந்து நான் லோர்னா அக்காவிடம் கேட்டேன். மற்றவர்கள் ஏன் இந்த அச்சாராவை வாங்குவதில்லை?

அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கடை திறந்த நாளிலிருந்து வருகிற எல்லாரிடமும் கேட்கிறாராம். எல்லாரும் வேண்டாம் என்கிறார்களாம். சிலர் முறைக்கிறார்களாம். ஒருவர் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டாராம். பப்பாளிக்காய் கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று தன் மாமியார் வீட்டில் சொன்னதுதான் காரணமோ என்று நினைத்துக்கொண்டாராம்.

"பொம்பள வேணாம்னா சரி" என்றார். "ஆம்பளைக்கும் இன்னாத்துக்கு பயம்?"

இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. நோட்டில் இரண்டு வார்த்தையையும் எழுதினேன். அச்சாரா. அச்சாரம். தமிழில் அச்சாரம் என்றால் முன்பணம், அட்வான்ஸ். நீங்கள் எல்லாரிடமும் அச்சாரா வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள், அவர்கள் நீங்கள் அட்வான்ஸ் கேட்பதாக நினைத்திருக்கிறார்கள். நாங்களும்தான். அந்த நூறு ரூபாய் ஊறுகாய்க்கு இல்லை, அச்சாரம்.

அவர் நோட்டைப் பார்த்தார். உதட்டுக்குள் இரண்டு வார்த்தையையும் சொல்லிப் பார்த்தார். பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டு, காய் நறுக்கிப் பாத்திரம் கழுவும் சரசு அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"எனக்குத் தெரியுமே" என்றார் சரசு அக்கா. "வர்றவங்க கிட்டயெல்லாம் அச்சாரம் கேக்குதேன்னு உள்ளருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவங்க நாட்டுல அப்பிடித்தான் போலன்னு வுட்டுட்டேன். கடை உன்னுது, நான் கேட்டா நல்லா இருக்குமா?"

"வாரம் வாரம் பப்பாளி சீவுறீங்களே, அதுக்கு என்னா பேருன்னு கேக்கலியா?" என்றாள் ஜெசிந்தா.

"பப்பாளிக்கு பப்பாளின்னுதான் பேரு."

லோர்னா அக்காவுக்கு மறுபடியும் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், நான் கொடுத்த அதே நூறு ரூபாயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "தெரியாம வாங்கினது. எடுத்துக்கோ பாப்பா."

இந்த இடத்தைக் கவனமாக எழுதுகிறேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டால் மூன்றாவது நிபந்தனை முழுதாகத் திரும்பக் கிடைக்கும். தெரியாமல் எதையும் வாங்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லலாம், சொன்னால் அது பொய்யும் ஆகாது. ஜெசிந்தா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். "எடுத்துக்கடி. நெய்வேலிய நெனச்சுப் பாரு."

நான் நெய்வேலியை நினைத்துத்தான் பார்த்தேன். ஜாடியையும் பார்த்தேன். கால்வாசி தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அம்மாவுக்குக் கொடுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. இப்போது அது என்ன பொருள், யார் போட்டது, எதில் செய்தது, என்ன விலை, எல்லாம் எனக்குத் தெரியும். கடையில் இதைவிடத் தெரிந்துகொண்டு நான் எதையும் வாங்கியதில்லை.

"வேணாங்க்கா" என்றேன். "இது எங்களுக்கு வேணும்."

அவர் உள்ளே போய் ஒரு தட்டில் பான்சிட் கொண்டுவந்தார். காசு வேண்டாம், டீச்சருக்குப் பீஸ் என்றார். நானும் ஜெசிந்தாவும் ஆலோசித்தோம். மூன்று நிபந்தனைகளிலும் இலவசத்துக்குத் தடை இல்லை. சாப்பிட்டோம். மெல்லிய சேமியாவில் பீன்ஸ், கேரட், கோழி, மேலே எலுமிச்சை பிழிந்தது. எண்பது ரூபாய்க்குத் தகும். அச்சாரா தொட்டுக்கொண்டால் நூறு ரூபாய்க்கும் தகும்.

அப்போதுதான் இன்றைய நாளின் சிறந்த காட்சி நடந்தது. பக்கத்துக் கம்பெனியிலிருந்து சட்டையெல்லாம் வெள்ளைப் பொடியாக இரண்டு பேர் சாப்பிட வந்தார்கள். லோர்னா அக்கா என் நோட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவர்களிடம் போனார்.

"அண்ணா, பப்பாளி ஊறுகா வேணுங்களா?"

பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வைய்யிம்மா" என்றார்.

அவ்வளவுதான். ஏழெட்டு மாதம் நடக்காதது ஒரு நொடியில் நடந்தது. லோர்னா அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். சரசு அக்கா சமையலறை வாசலில் நின்று பார்த்தார். பெரியவர் ஊறுகாயை வாயில் வைத்துவிட்டு, "இது இங்க இருக்கறத ஏன் இத்தினி நாளா சொல்லவேயில்ல?" என்று கேட்டார். நாங்கள் நாலு பேரும் சிரித்தோம், ஏன் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

1.50க்குக் கிளம்பினோம். திரும்பி நடக்கும்போது வெயில் இன்னும் அதிகம். ஆனால் ஜாடியை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்ததில் தெரியவில்லை. பஸ் நிலையத்தில் அதே ஆட்டோக்காரர், "கருவாடு திரும்பி வந்துடுச்சு" என்றார். 3.20க்கு இலவச பஸ் கிடைத்தது. 4.25க்கு வீடு.

அம்மா முதலில் என் முகத்தைப் பார்த்தார், அடுத்து வயிற்றைப் பார்த்தார். மிச்சம் நாற்பத்தைந்து ரூபாயைக் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணினார். சியோபாவைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "இட்லிக்குள்ள கறிய வச்சிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னார். சாயங்காலம் தயிர்ச் சோற்றுக்கு ஜாடியைத் திறந்தோம். அப்பா இரண்டு தடவை போட்டுக்கொண்டார். அம்மா மூன்று தடவை. "இந்தத் தடவ பாத்துத்தான் வாங்கியாந்திருக்க" என்றார்.

நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். அந்த நிமிடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன் என்பதையும் எழுதியாக வேண்டும். வாயால் சொல்ல வரவில்லை. எழுத வருகிறது. அதனால்தான் உடனே போனை வாங்கி உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கடை காலை 11.30க்குத் திறந்து மதியம் மூன்றுக்கு மூடும், மாலையில் இல்லை, செவ்வாய் விடுமுறை. ஒரு மணிக்கு மேல் கம்பெனி ஆட்கள் வந்துவிடுவார்கள், நாற்காலி கிடைப்பது கஷ்டம், பன்னிரண்டுக்கே போய்விடுங்கள். இரண்டு பேருக்கு நூற்றிருபது ரூபாயில் வயிறு நிறையும், நாங்கள் சாட்சி. கோழியும் முட்டையும் காய்கறியும்தான், வேறு இறைச்சி கிடையாது. சைவம் என்றால் பான்சிட்டைக் கோழி இல்லாமல் போடச் சொல்லலாம், லுகாவில் கோழித் தண்ணீர் இருக்கும். ஜிபே உண்டு. மதிய வெயிலுக்குக் குடை எடுத்துப் போங்கள், நாங்கள் எடுத்துப் போகவில்லை. லோர்னா அக்காவைத் தயவுசெய்து மாமி என்று கூப்பிடாதீர்கள், அவருக்குக் கோபம் வராது, சூப் எடுக்க உள்ளே போய்விடுவார். ஒருவேளை பழக்க தோஷத்தில் அவர் அச்சாரா வேண்டுமா என்று கேட்டால் முறைக்காமல் ஆமாம் என்று சொல்லுங்கள். சின்னக் கிண்ணம் பத்து ரூபாய்.

ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டுப் போனால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒரு வார்த்தையைப் படித்துக்கொண்டு போனேன், அடுத்த வார்த்தையில் மாட்டினேன். இனிமேலும் படித்துவிட்டுத்தான் போவேன். ஆனால் போன இடத்தில் புரியாத வார்த்தை வந்தால், புரிந்ததுபோல் காசை நீட்டுவதற்கு முன் என்ன என்று கேட்பேன். கேட்க ஒரு ரூபாய்கூட ஆகாது.

இதுவரை எழுதியதை அம்மாவிடம் கொடுத்தேன். மணி 8.40. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, விரலால் தள்ளித் தள்ளி மெதுவாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. எந்த இடம் என்று இங்கிருந்து தெரியவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

"நூறு ரூவா குடுத்தப்ப அது ஊறுகான்னு உனக்குத் தெரியாது."

"தெரியாதும்மா."

"அந்தம்மா காசத் திருப்பி வச்சாங்களே, அப்ப?"

"தெரியும்."

"எடுத்திருந்தா நெய்வேலி நிச்சயம்."

"ஆமாம்மா."

அம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மேல் தட்டிலிருந்து வெங்காயப் பெட்டியை இறக்கி, அடுப்புக்குக் கீழே பழைய செய்தித்தாள் கட்டுக்குப் பின்னால் தள்ளினார். அது இருந்த இடத்தில் பீங்கான் ஜாடியை வைத்து, சாய்ந்த மூடியை ஒரு தடவை திருப்பி நேராக்கப் பார்த்தார். அது நேராகவில்லை. அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்.

திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். "காலைல ஆறு மணி பஸ்ஸு. ஜெசிந்தாவ அஞ்சரைக்கே வந்து நிக்கச் சொல்லு. சித்தப்பாவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்" என்றார். நான் இதைத் தட்டி முடிப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்.